யாரும் தோற்காவிட்டால் அது விளையாட்டு இல்லையாம்!

பதிவு கொஞ்சம் நீளம். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

போர்டு கேம் விமர்சன வீடியோ ஒன்றை மூன்று பேர் எனக்கு அனுப்பியிருந்தார்கள். மூன்று பேரும் "சார், இதைப் பாருங்க" என்றுதான் அனுப்பினார்கள், பார்த்தேன். பதினெட்டு நிமிடம். அதில் பதினொரு நிமிடம் பெட்டியைப் பிரிக்கிறார். அட்டையின் தடிமனை விரலால் தட்டிக் காட்டுகிறார். பிளாஸ்டிக் பொம்மையைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார். மீதி ஏழு நிமிடத்தில் தீர்ப்பு. எல்லாரும் சேர்ந்து ஜெயிப்பதென்றால் அது விளையாட்டே இல்லையாம், பள்ளிக்கூட குரூப் புராஜெக்ட்டாம். தனியாக ஆடுவது வீட்டில் ஆள் இல்லாதவர்களுக்காம். பத்துக்கு நாலு மார்க்.

முப்பத்து நாலு வருஷம் மார்க் போட்டவன் நான். மார்க் போடுவதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. விடைத்தாளைப் பிரித்துப் படிக்காமல், பேப்பர் வழவழப்பாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்து மார்க் போடுவதில்தான் ஆட்சேபம்.

வீடியோ என்றால் ஆயிரம் வரும், போகும் என்று விட்டிருப்பேன். விட முடியாததற்குக் காரணம் இது. எங்கள் பக்கத்தில் ஒரு பள்ளிக்கு முன்னாள் மாணவர்கள் சேர்ந்து பதினைந்தாயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். மழை நாளிலும் மதிய இடைவேளையிலும் பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து ஆட ஏதாவது வாங்கச் சொல்லி. பட்டியல் போட என்னைக் கேட்டார்கள். போட்டுக் கொடுத்தேன். குழுவில் ஒரு நண்பர் இந்த வீடியோவை எல்லாருக்கும் போட்டுக் காட்டி, என் பட்டியலில் இருந்த கூட்டு ஆட்டங்களையும் தனி ஆட்டத்தையும் சிவப்பு மையில் அடித்துவிட்டார். அதற்குப் பதில் கேரம் போர்டு நாலு, 'பிசினஸ்' ஆறு பெட்டி. ஆக, பெட்டி பிரிக்கும் வீடியோவுக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் நேரடித் தொடர்பு வந்துவிட்டது. இனி நான் பேசாமல் இருந்தால் தப்பு.

முதலில் 'யாரும் தோற்பதில்லை' என்பதை எடுத்துக்கொள்வோம்.

அந்தத் தம்பி நாலு மார்க் போட்ட ஆட்டம் பேண்டமிக். மேட் லீகாக் என்பவர் செய்தது, 2008-இல் வந்தது. பலகையில் உலக வரைபடம், 48 ஊர்கள். அதில் சென்னையும் உண்டு. மும்பை, டெல்லி, கொல்கத்தா, பாங்காக், ஜகார்த்தா ஐந்துக்கும் அங்கிருந்து வழி. நாலு நிறத்தில் நாலு நோய் பரவுகிறது. ஆடுகிறவர்கள் மருத்துவர், விஞ்ஞானி, ஆய்வாளர் என்று ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொண்டு நாலு நோய்க்கும் மருந்து கண்டுபிடிக்க வேண்டும். ஜெயிக்க இந்த ஒரு வழிதான். தோற்க மூன்று வழி. எட்டு முறை நோய் எல்லை மீறி வெடித்தால் தோல்வி. ஏதாவது ஒரு நோயின் கட்டைகள் தீர்ந்துபோனால் தோல்வி. எடுக்க வேண்டிய சீட்டு தீர்ந்துபோனாலும் தோல்வி.

இதில் உள்ள மூளையைப் பாருங்கள். நோய் தாக்கிய ஊர்களின் சீட்டுகள் ஓரமாகச் சேர்ந்துகொண்டே வரும். இடையில் 'கொள்ளைநோய்' சீட்டு வந்ததும் அந்தப் பழைய சீட்டுகளைக் கலைத்து மறுபடி கட்டின் மேலேயே வைக்க வேண்டும். அதாவது, ஏற்கெனவே அடிபட்ட ஊர்தான் மறுபடி அடிபடும். எந்த ஊர் என்று நமக்குத் தெரியும், எந்த வரிசையில் என்று தெரியாது. நிகழ்தகவை நான் பத்தாம் வகுப்புக்குக் காசு சுண்டியும் பகடை உருட்டியும் நடத்தினேன். இந்த ஒரு சீட்டு கையில் இருந்திருந்தால் பாதி நேரத்தில் முடித்திருப்பேன்.

நானும் என் மனைவியும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரும் (ஒருத்தி ஒன்பதாவது, ஒருவன் ஆறாவது) ஆடுவோம். முதல் ஐந்து ஆட்டத்தில் நாலில் உலகம் அழிந்தது. தோற்கவில்லையாம்! தோற்றோம் சார், நாலு பேரும் ஒன்றாகத் தோற்றோம். வித்தியாசம் என்னவென்றால், தோற்ற பிறகு ஒருத்தரும் எழுந்து போகவில்லை. "நீ கொல்கத்தா போயிருக்கக் கூடாது", "இல்ல, தாத்தாதான் சீட்ட முன்னாடியே கொடுத்திருக்கணும்" என்று அரைமணி நேரம் ஆராய்ச்சி. போட்டி ஆட்டத்தில் தோற்ற பையன் செய்வது வேறு. காயைத் தள்ளிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போவான். எந்த இடத்தில் கைவிட்டுப் போனது என்று உட்கார்ந்து பேசுவதுதான் படிப்பு. அதை எந்த ஆட்டம் தானாகவே செய்ய வைக்கிறதோ அதற்கு நான் நாலு மார்க் போட மாட்டேன்.

அடுத்தது, போட்டி இருந்தால்தான் பிள்ளைக்கு வேகம் வரும் என்ற வாதம். குழு நண்பரும் இதையேதான் சொன்னாராம். 2017-இல் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவில் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தினார்கள். அன்றைக்கும் இதே பேச்சுதான். ரேங்க் போனால் படிப்பே போய்விடும் என்று ஆசிரியர் அறையிலேயே புலம்பினார்கள். படிப்பு எங்கேயும் போகவில்லை. முதல் மூன்று பேருக்காக மீதி நாற்பது பேரை வேடிக்கை பார்க்க உட்கார வைத்த வழக்கம்தான் கொஞ்சம் குறைந்தது.

இப்போது 'பிசினஸ்' ஆறு பெட்டி வாங்கப் போகிறார்களே, அது மோனோபொலியின் நம்மூர் வடிவம். அதன் வேர் எங்கே போகிறது தெரியுமா? லிஸ்ஸி மாகி என்ற அமெரிக்கப் பெண்மணி 1904-இல் காப்புரிமை வாங்கிய ஆட்டம் அது. நிலத்தை வளைத்துப்போட்டு வாடகை வாங்கியே பெருப்பவனால் ஊருக்கு என்ன கேடு என்று காட்டுவதற்காகச் செய்தார். பின்னால் வந்தவர்கள் அந்தக் கேட்டையே கொண்டாட்டமாக்கி விற்றார்கள். அது போகட்டும். வகுப்பறையில் அதன் லட்சணம் என்ன? திவாலான பிள்ளை எழுந்து ஓரமாக உட்கார வேண்டும். மதிய இடைவேளை நாற்பது நிமிடம் என்றால், பதினைந்தாவது நிமிடத்தில் திவாலான பிள்ளைக்கு மீதி இருபத்தைந்து நிமிடம் என்ன வேலை? இதை எந்த விமர்சனத்திலாவது கேட்டிருக்கிறார்களா?

கேரம் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன். கேரம் நல்ல ஆட்டம். நாலுக்குப் பதில் இரண்டு போதும்.

கூட்டு ஆட்டங்களுக்கும் ஒரு பெரிய நோய் உண்டு. அந்தத் தம்பி அதைச் சொல்லியிருந்தால் நானே எழுந்து நின்று கைதட்டியிருப்பேன். அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் நாட்டாமைத் தொல்லை. எல்லாச் சீட்டும் எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் சேர்ந்து பேசலாம் என்றால் என்ன ஆகும்? விவரம் தெரிந்த ஒருத்தர் நாட்டாமையாகிவிடுவார். "நீ டெல்லி போ, நீ சீட்டை அவளுக்குக் கொடு, நீ சும்மா இரு." மற்ற மூன்று பேரும் அவருடைய கை கால்கள். பேண்டமிக்கில் இது நிச்சயம் உண்டு. குரூப் புராஜெக்ட் என்று தம்பி கிண்டல் செய்ததில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. சார்ட் பேப்பரில் ஒரு பிள்ளை எழுதும், ஒன்று ஸ்கேலைப் பிடித்துக்கொள்ளும், இரண்டு வேடிக்கை பார்க்கும், நாலு பேருக்கும் ஒரே மார்க். ஆசிரியராக இருந்த எல்லாருக்கும் இது தெரியும். அதனால் கூட்டு ஆட்டம் எதைப் பற்றி விமர்சனம் எழுதினாலும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்க வேண்டும்: இந்த ஆட்டத்தில் வாயடைத்துப்போகிறவர் யார்? அட்டை தடிமன் அப்புறம்.

சந்தோஷமான விஷயம், ஆட்டம் செய்கிறவர்கள் இந்தக் கேள்வியை விமர்சகர்களுக்கு முன்பே கேட்டுவிட்டார்கள்.

ஹனாபி என்று ஒரு சீட்டாட்டம். அந்துவான் போசா செய்தது. 2013-இல் ஜெர்மனியின் 'ஆண்டின் சிறந்த ஆட்டம்' விருது வாங்கியது. உங்கள் கையில் உள்ள சீட்டை நீங்கள் பார்க்கக் கூடாது. முகத்தை வெளிப்பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். உங்கள் சீட்டு எனக்குத் தெரியும், என் சீட்டு உங்களுக்குத் தெரியும். நிறம் அல்லது எண், இரண்டில் ஒன்றை மட்டும் குறிப்பாகச் சொல்லலாம். அந்தக் குறிப்புக்கும் எட்டு வில்லைதான், தீர்ந்தால் ஒரு சீட்டைத் தியாகம் செய்து ஒரு வில்லையைத் திரும்ப வாங்கலாம். இதில் நாட்டாமை எப்படி ஆவது? தன் சீட்டே தெரியாதவன் யாருக்கு உத்தரவு போடுவான்? எப்போதும் கையைத் தூக்குகிற பிள்ளையும் எப்போதும் தலையைக் குனிந்துகொள்கிற பிள்ளையும் இதில் ஒரே தரை. சீட்டில் எழுத்து கிடையாது, நிறமும் எண்ணும் மட்டும். ஆறாம் வகுப்பிலிருந்து ஆடலாம்.

இன்னொன்று தி க்ரூ, 2019. தாமஸ் சிங் என்பவருடையது. இருபத்தெட்டும் முந்நூற்றுநாலும் ஆடித் தேய்ந்த கைகளுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். போட்ட நிறத்தைப் போட வேண்டும், இல்லாவிட்டால் துருப்பு வெட்டலாம், பெரிய சீட்டுக்காரருக்குப் பிடி. ஆனால் ஜெயிப்பது ஆளுக்காள் இல்லை. இந்தச் சீட்டு இவர் கைக்குத்தான் போக வேண்டும் என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் கட்டளை இருக்கும், எல்லாரும் சேர்ந்து அதை நிறைவேற்ற வேண்டும். பேசக் கூடாது. ஒரே ஒரு முறை ஒரு சீட்டைக் காட்டி, இந்த நிறத்தில் என்னிடம் உள்ள பெரியது, சிறியது, அல்லது இது ஒன்றுதான் என்று வில்லையை வைத்துச் சொல்லலாம், அவ்வளவுதான். நம் ஊர்த் திண்ணையில் கூட்டாளிக்குத் தொண்டையைச் செருமியும் காதைச் சொறிந்தும் சாடை காட்டி அடிதடி வரை போகுமே, அந்தச் சாடையை அளந்து சட்டமாக்கியிருக்கிறார் மனுஷன்! 50 கட்டளைகள், எளிதிலிருந்து கடினத்துக்கு. பாடத்திட்டம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்.

இருவர் மட்டும் ஆடும் ஸ்கை டீம் என்றொன்று. ஒருவர் விமானி, இன்னொருவர் துணை விமானி. ஆளுக்கு நாலு பகடை, மறைப்புக்குப் பின்னால் உருட்டி வைத்துக்கொண்டு மாறி மாறிப் பலகையில் வைக்க வேண்டும். உருட்டுவதற்கு முன்னால் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். உருட்டிய பிறகு மூச்! நாற்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு இது சுலபம் என்று நினைத்தேன். என் மனைவி விமானத்தை ஓடுபாதைக்கு முன்பே இடதுபுறம் சாய்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்கு மேல் எழுதினால் இரவுச் சாப்பாடு கிடைக்காது.

தம்பிக்கு ஒரு தகவல். இந்த ஸ்கை டீமும் 2024-இல் அதே ஜெர்மன் விருதை வாங்கியது. 2019-இல் வாங்கிய ஜஸ்ட் ஒன், 2021-இல் வாங்கிய மைக்ரோமேக்ரோ, 2023-இல் வாங்கிய டோர்ஃப்ரோமான்டிக், 2025-இல் வாங்கிய பாம் பஸ்டர்ஸ் எல்லாமே கூட்டு ஆட்டங்கள். விருது வாங்கினால் நல்லது என்று நான் வாதம் செய்யவில்லை, விருது வாங்கிய அறுவைகளும் உண்டு. 'இதெல்லாம் விளையாட்டே இல்லை' என்கிறவர் உலகம் எந்தப் பக்கம் போகிறது என்று திரும்பியாவது பார்க்க வேண்டாமா?

இனி தனி ஆட்டம். 'வீட்டில் ஆள் இல்லாதவர்களுக்கு' என்ற சொல் எனக்கு எரிச்சலைத்தான் தந்தது. ஆமாம், ஆள் இல்லாதவர்களுக்கும்தான். என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களில் பாதிப்பேரின் பிள்ளைகள் வெளிநாட்டில். சிலர் துணையை இழந்தவர்கள். மாலை நாலு மணியிலிருந்து எட்டு மணி வரை அந்த வீடுகளில் டிவி சத்தம் மட்டும்தான். அவர்களுக்கு மூளைக்கு வேலை தரும் நல்ல பொழுது ஒன்று வேண்டும் என்றால் அது இளக்காரமா? பல்லாங்குழியில் ஒருவரே ஆடுகிற சீதைப் பாண்டி இருக்கிறதே, அசோகவனத்தில் சீதை தனியாக ஆடியது என்று நம் பாட்டிமார் சொல்லுவார்களே. அதை யாராவது கேலி செய்தார்களா?

தனி ஆட்டத்தை விமர்சிக்கிறவர் சொல்ல வேண்டியது வேறு. பெட்டியில் '1-4 பேர்' என்று அச்சடிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்த '1' உண்மையா, ஒப்புக்குச் சப்பாணியா? பல பெட்டிகளில் தனி ஆட்டம் என்பது நாலு பேர் ஆட்டத்தைத் தனியாக ஆடிவிட்டு, வந்த எண்ணை ஒரு அட்டவணையில் ஒப்பிட்டு 'பரவாயில்லை', 'நன்று' என்று பார்த்துக்கொள்வதுதான். முன்னேற்ற அறிக்கையை நமக்கு நாமே எழுதிக்கொள்வது போல. விங்ஸ்பான் என்ற பறவை ஆட்டத்தில் கொஞ்சம் மேல். எதிராளியாகச் செயல்பட ஒரு சீட்டுக்கட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டு பறவைகளை எடுக்கும், நம்மோடு போட்டி போடும். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எதிராளியின் வேலையையும் நாமே செய்ய வேண்டும்.

தனியாக ஆடுவதற்கென்றே பிறந்த ஆட்டம் வேண்டுமென்றால் ஃப்ரைடே. ஃப்ரீடெமான் ஃப்ரீஸ் செய்தது, 2011. ராபின்சன் குரூசோ தீவில் ஒதுங்குகிறான், நாம் ஃப்ரைடே. இந்த விவரமில்லாத வெள்ளைக்காரனைத் தேற்றித் தீவைவிட்டு அனுப்பினால்தான் நமக்கு நிம்மதி. அவனுடைய சீட்டுக்கட்டு தொடக்கத்தில் படு மோசம். ஒரு ஆபத்தை எதிர்கொண்டு ஜெயித்தால் அந்த ஆபத்தே திறமைச் சீட்டாகிக் கட்டில் சேரும். தோற்றால் உயிர் வில்லை போகும். ஆனால் எத்தனை வில்லை போனதோ அந்த அளவுக்கு மோசமான சீட்டுகளைக் கட்டிலிருந்து நிரந்தரமாகக் கழித்துவிடலாம். அதனால் ஆரம்பத்தில் எங்கே தோற்பது என்று திட்டம் போட்டுத் தோற்க வேண்டும்! தோல்விக்கு இவ்வளவு நியாயமான கணக்கை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்த்ததில்லை. கட்டு ஒருமுறை தீர்ந்து கலைக்கும்போதெல்லாம் மூப்புச் சீட்டு ஒன்று உள்ளே வந்து சேரும். அதைக் கழிக்க இரண்டு மடங்கு விலை. இந்த விதியைப் படித்ததும் மூட்டுவலித் தைலத்தைத் தேடினேன்.

ஸ்பிரிட் ஐலண்டும் தனியாக ஆட அற்புதமானது. தீவின் தெய்வங்களாக நின்று, குடியேற வருகிறவர்களை விரட்ட வேண்டும். குடியேறிகளாக நின்று தீவை வளைத்துப்போடும் ஆட்டங்களுக்கு நடுவில் இது நேர் எதிர்த்திசை. ஆனால் ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள். சீட்டுக்குச் சீட்டு ஆங்கிலம், பொடி எழுத்து. முதல் ஆட்டத்துக்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். பள்ளிக்கு வேண்டவே வேண்டாம்.

இதையும் விமர்சகர்கள் சொல்வதில்லை. தமிழில் பேசுகிறார்கள், தமிழ் வீட்டில் யார் ஆடுவார்கள் என்று யோசிப்பதில்லை. சீட்டில் எவ்வளவு ஆங்கிலம் இருக்கிறது? வாசல் திண்ணை வெளிச்சத்தில் அறுபது வயதுக் கண்ணுக்குத் தெரியுமா? ஒருமுறை ஆடினால் தீர்ந்துவிடுமா? எக்ஸிட் வரிசை ஆட்டங்களில் சீட்டை வெட்ட வேண்டும், மடிக்க வேண்டும், பிறகு குப்பைக்குத்தான். பேண்டமிக் லெகஸியில் சீட்டைக் கிழிக்கவே சொல்லும். கதையாக அது பிரமாதம், மறுக்கவில்லை. ஆனால் ஆறு செட் பிள்ளைகள் மாறி மாறி ஆட வேண்டிய பள்ளிக்கு அது எதற்கு? அந்த வீடியோவில் எக்ஸிட்டுக்குப் பத்துக்கு ஒன்பது.

கடைசியாக, குழுவுக்கு என் திருத்திய பட்டியல். கேரம் இரண்டு. ஹனாபி இரண்டு கட்டு, தி க்ரூ இரண்டு. இவை சீட்டுக்கட்டு அளவுப் பெட்டிகள், பணம் அதிகம் இழுக்காது. பேண்டமிக் ஒன்றே ஒன்று, அதுவும் ஒரு ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது, நாட்டாமையை அடக்க. ஃப்ரைடே ஒன்று. கூட்டத்தில் சேராமல் நூலக மூலையில் ஒதுங்கும் பிள்ளை எல்லாப் பள்ளியிலும் உண்டு. 'பிசினஸ்' பூஜ்யம்.

ஜஸ்ட் ஒன்னுக்குக் காசே வேண்டாம். ஒருவர் கண்ணை மூடிக்கொள்ள, மற்றவர்களுக்கு ஒரு சொல்லைக் காட்டுகிறோம். 'யானை' என்று வையுங்கள். அவர் கண்டுபிடிக்க ஆளுக்கு ஒரு சொல் எழுத வேண்டும், ஒருத்தர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல். ஒரே சொல்லை இரண்டு பேர் எழுதியிருந்தால் இரண்டையும் அழித்துவிட வேண்டும். எல்லாரும் 'தும்பிக்கை' எழுதினால் அத்தனையும் அழிந்து, கண்டுபிடிப்பவருக்கு ஒன்றுமே மிஞ்சாது. அப்போதுதான் ஒரு பிள்ளை 'அங்குசம்' எழுதும், இன்னொன்று 'கரும்பு', இன்னொன்று 'முதுமலை'. பக்கத்து வீட்டு ஆறாம் வகுப்புக்காரன் 'பாகன்' என்று எழுதினான். அவன் தமிழில் முப்பத்தெட்டு மார்க் வாங்கியவன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் குழுக் கூட்டம். வீட்டுப் பரணிலிருந்து சிலேட்டு ஏழு எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன், சாக்பீஸ் ஒரு பெட்டி. சிவப்பு மை நண்பரும் வருகிறார். அவரைத்தான் முதலில் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லப் போகிறேன்.